நடுக்குவாதமும் மருந்து வேளையும்
(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சமயமும் இலக்கியமும் முழங்கும் இம்மேடையிலே இன்று ஒரு குளிசையைப் பற்றிப் பேச எழுந்திருக்கின்றோம். தலைப்பைச் சொன்னபோது எமது காரியதரிசி சற்றே திகைத்தார், ஆயினும் மறுத்தாரல்லர். நாம் வைத்தியம் கற்பவர் அல்லோம். பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிக்கும் மாணவர். ஆதலின் கூறப்போவதில் ஒரு பாதி புத்தகத்தில் அறிந்தது. மறு பாதி வீட்டில் பட்டறிந்தது. பட்டறிந்ததை முதலிற் சொல்லுகின்றோம்.

எங்கள் அப்பப்பாவுக்கு நடுக்குவாதம். பார்க்கின்சன் நோய் என்று வைத்தியர் கூறுவது இதனையே. லெவோடோபாவும் கார்பிடோபாவும் கலந்த குளிசையை நாளொன்றுக்கு நான்கு முறை உட்கொள்ளுவார். கொடுப்பவர் அப்பம்மா. அவர் மணிக்கூட்டை ஒருநாளும் பார்த்ததில்லை. காலைப் பூசைக்குக் கோயில் மணி ஒலித்தால் முதற் குளிசை; நாம் படித்த மிசன் பள்ளிக்கூடத்து இடைவேளை மணிக்கு இரண்டாவது; பள்ளிக்கூடம் விடும் மணிக்கு மூன்றாவது; சாயரட்சை மணிக்கு நான்காவது. சைவ மணியும் வேத மணியும் சேர்ந்து ஒரு கிழவரை நடமாட வைத்தன என்று நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஒருநாள் அவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினோம். கிளினிக் கொப்பியோ அலுமாரிக்குள்ளே கிடந்தது. என்ன மருந்து என்று வினவியபோது, "நடுக்கத்துக்கு ஒரு குளிசை, நாலு நேரம்" என்றோம். எந்த நாலு நேரம் என்று நாம் சொல்லவில்லை. சொல்ல நமக்குத் தெரியவும் இல்லை. வாட்டிலே மருந்து கொடுக்கும் வேளைகளில் அது பதியப்பட்டது. மறுநாள் சத்திரசிகிச்சை. நள்ளிரவு தொடக்கம் வாயால் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்றார்கள். அதில் காலைக் குளிசை போயிற்று, அடுத்ததும் போயிற்று. சத்திரசிகிச்சை நன்றாகவே நிறைவேறியது. பின்னர் ஓங்காளம் வந்தமையால் ஓர் ஊசி ஏற்றினார்கள்.

மாலையில் நாம் கண்டது வேறொரு மனிதரை. முகம் மரப்பலகை போல் இருந்தது. தாடை திறக்கவில்லை, எச்சில் வழிந்தது, இல்லாத ஒருவரோடு ஏதோ பேசினார். பார்க்க வந்த இனத்தவர், "வயது போனால் இப்படித்தான்" என்றனர். நாமும் அதை நம்பினோம், அன்பர்களே! அதுவே இன்றைக்கும் எம்மை வருத்துவது. நம்பாதவர் ஓர் இளந்தாதி. "ஐயா வீட்டிலை எத்தனை மணிக்குக் குளிசை குடிக்கிறவர்?" என்று கேட்டார். எங்களுள் ஒருவருக்கும் விடை தெரியாது. அப்பம்மாவுக்குத் தொலைபேசியிற் பேசினோம். "மணிக்கூடு எனக்கென்னத்துக்கு? கோயில் மணி அடிச்சா ஒண்டு, பள்ளிக்கூட மணி அடிச்சா ஒண்டு" என்றார். அந்த மணிகளுக்கு நேரம் கணித்துத் தாளில் எழுதிக் கொடுத்தோம். அன்றிரவே மூக்குக்குழாய் வழியாக மருந்து தொடங்கிற்று. அந்த ஊசியும் நிறுத்தப்பட்டது. மூன்றாம் நாள் தேத்தண்ணீர் கேட்டார். முன்போல் நடக்கப் பல மாதம் சென்றது.

இது ஏன் நிகழ்ந்தது? இலண்டன் நகர வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் இந்நோயை விவரித்து எழுதினார். மூளையில் டோபமீன் என்னும் பொருளைச் சுரக்கும் கலங்கள் அழிவதே நோயின் அடிப்படை என்பது 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலுமே தெளிவாயிற்று. டோபமீனை நேரே கொடுத்தால் அது மூளைக்குட் புகாது. லெவோடோபா புகும், புகுந்து டோபமீனாக மாறும். 1967இல் கொட்சியாஸ் என்னும் வைத்தியர் அமெரிக்காவிலே இதனைப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்து, முடங்கிக் கிடந்தோரை எழுந்து நடக்கச் செய்தார்.

இரசாயன மாணவர் என்ற உரிமையில் இங்கே ஒரு சிறு பெருமையும் பேசிக்கொள்ளுகின்றோம். நமது வேலிகளிற் படரும் பூனைக்காலியின் விதையிலே இந்த லெவோடோபா உண்டு. அதனை 1937இல் சென்னையிலே பிரித்தெடுத்துக் காட்டியவர்கள் தாமோதரன், இராமசுவாமி என்னும் இருவர். ஆயுர்வேதமும் நடுக்கத்தைக் கம்பவாதம் என்று பெயரிட்டு அறிந்திருந்தது. எனினும் இதைக் கேட்டுவிட்டு யாரும் விதை இடித்துக் குடிக்கப் புறப்படவேண்டாம். விதைக்கு விதை அளவு மாறும். குளிசையோடு அதுவும் சேர்ந்தால் அளவு மிஞ்சும்.

இந்த மருந்து குருதியில் நெடுநேரம் நில்லாது. ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலத்துள் பாதியாகிவிடும். நோய் முற்றியவரின் மூளை அதைச் சேமித்து வைக்கவும் இயலாது. ஆகவே அரைமணி பிந்தினாலே சிலருக்குக் கை கால் பூட்டிக்கொள்ளும். விழுங்கும் தசையும் இறுகும். விழுங்க இயலாதவர் அடுத்த குளிசையை எப்படி விழுங்குவார்? உணவு சுவாசப்பைக்குட் புகுந்து காய்ச்சலும் வரும். திடீரென முற்றாக நிறுத்தினால் கடுஞ்சுரமும் விறைப்பும் அறிவு மயக்கமும் உண்டாகி உயிருக்கே மோசம் வரலாம். பிரித்தானியாவின் நைஸ் என்னும் சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட தரவிதியிலே, வைத்தியசாலையில் உள்ள நோயாளருக்கு லெவோடோபா அவரவர்க்குக் குறித்த நேரத்தின் 30 நிமிடத்துள் கிடைக்கவேண்டும் என்று கூறியது. பணவளம் மிக்க நாட்டிலேயே இதை விதியாக எழுதவேண்டி வந்ததென்றால், ஒரு தாதி எத்தனையோ கட்டில்களைப் பார்க்கும் நமது வாட்டுகளில் வீட்டாருக்கு வேலை இல்லையா?

சத்திரசிகிச்சைக்கு முன் பட்டினி என்றால், மயக்கமருந்து கொடுக்கும் வைத்தியரிடம் முதல்நாளே கேளுங்கள். பெரும்பாலும் ஒரு மிடறு நீரோடு குளிசை கொடுக்க அனுமதிப்பர். விழுங்க இயலாவிட்டால் குழாய் உண்டு. தோலில் ஒட்டும் ரொட்டிகொட்டின் என்னும் மருந்தும் உண்டு. மெல்ல மெல்லக் கரையும் வகைக் குளிசையை மட்டும் இடிக்கக் கூடாது. எங்கள் அப்பப்பாவுக்கு ஏற்றியது மெற்றோகுளோபிரமைட் என்னும் ஓங்காள ஊசி. பிறருக்கு அது நல்ல மருந்து. நடுக்குவாதக்காரருக்கோ டோபமீனின் வழியை அடைப்பது. புரோகுளோர்பெரசினும், பிதற்றுவோரை அடக்கக் கொடுக்கும் ஹலோபெரிடோலும் அத்தகையனவே. தலைச்சுற்றுக்கு நம் முதியோர் கடையில் வாங்கும் சினாரிசினும் அந்த வரிசையைச் சேர்ந்தது. மாற்று மருந்துகள் உள்ளன. அவற்றைத் தெரிவது வைத்தியர் பொறுப்பு, நோயைச் சொல்வது நம் பொறுப்பு. செலிஜிலின், ரசாஜிலின் எடுப்பவர் அதையும் மறவாது சொல்லவேண்டும். பெத்திடின் ஊசியோடு அவை சேர்வது ஆபத்து.

நாம் பரிவோடு செய்யும் பிழை ஒன்றும் உண்டு. பார்க்கப் போகும்போது பாலும் முட்டையும் கொண்டுபோய், குளிசையை அந்தப் பாலோடே கொடுத்துவிடுகின்றோம். புரதம் சிலருக்கு மருந்து உட்செல்வதைத் தடுக்கும். இரும்புச்சத்துக் குளிசையும் தடுக்கும். உணவுக்கு அரைமணி முன்னர் வெறும் நீரோடு கொடுப்பதே நன்று. கந்தசஷ்டி விரதகாரரான பெரியோருக்கும் ஒரு வார்த்தை: சோற்றை விடுங்கள், குளிசையை விடாதீர்கள். விரதத்துக்கு முன்னர் வைத்தியரையும் கேளுங்கள். முருகன் கோபித்துக்கொள்ளமாட்டான் என்று அப்பம்மாவே தீர்ப்புச் சொல்லியிருக்கின்றார்.

இவற்றையெல்லாம் தமிழிற் பேசலாமா என்று சிலர் ஐயுறலாம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். வைத்திய நூல்களையும் தமிழில் ஆக்கினார். அவர் செய்ததில் ஒரு தாளளவாவது நாம் செய்யலாம் என்று எண்ணினோம்.

அந்தத் தாளை அச்சிட்டு வந்திருக்கின்றோம். நோயின் பெயர், குளிசையின் பெயர், அளவு, மணி, கொடுக்கக்கூடாத மருந்துகள், வீட்டில் மருந்து கொடுப்பவரின் தொலைபேசி எண் ஆகியவற்றுக்கு இடம் விட்டிருக்கின்றோம். மருந்துகளின் பெயரை ஆங்கிலத்திலும் எழுதுங்கள். வாட்டிலே அப்படியே தேடுவார்கள். ஒன்று நோயாளரின் சட்டைப்பையில் இருக்கட்டும். மற்றொன்றைக் கட்டிலில் தொங்கும் பத்திரத்தோடு சேர்த்து வைக்கும்படி தாதியிடம் கொடுங்கள். குளிசைகளையும் அவற்றின் பெட்டியோடே கொண்டுபோங்கள். வீட்டில் அப்பம்மா மாத்திரம் அறிந்த நேரங்களை இன்றிரவே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், வாலிபர்களே! தாள்கள் வாசலருகே காரியதரிசியின் மேசையில் உள்ளன. பென்சிலும் அங்கேயே உண்டு.