தக்காளிக்குக் கவ்வாத்து வேறு

(வீட்டுத்தோட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2022 இல் விலைவாசி ஏறின நேரம், கறிக்கு நாலு தக்காளி வாங்க நாம பட்ட பாடு மறந்திருக்காது. அதனால்தான் லயத்துக்குப் பின்னால் கிடந்த துண்டு நிலத்திலும் பாத்தி போட்டோம். சந்தோஷம். ஆனால் போய்ப் பார்த்தால் பல பாத்திகளில் செடி புதர் மாதிரி நிற்கிறது, காயை விரல் விட்டு எண்ணலாம்.

கவ்வாத்து நமக்குத் தெரியாத வேலையா? ஆனாலும் தேயிலைக் கணக்கைத் தக்காளியில் போடக் கூடாது. தேயிலையை வெட்டுவது புதுத் தளிர் நிறைய வரட்டும் என்று. அங்கே நமக்கு வேண்டியது கொழுந்து. இங்கே வேண்டியது பழம். ஆகவே தளிரைக் குறைக்கிறோம்.

இலைக்காம்பும் தண்டும் சேருகிற கக்கத்தைப் பாருங்க. அங்கே ஒரு பக்கத்தளிர் கிளம்பும். அது இரண்டு அங்குலம் வளருமுன் விரலால் கிள்ளி விடுங்க, கத்தி வேண்டாம். முதல் பூங்கொத்துக்கு நேர் கீழே வருகிற ஒன்றை மட்டும் விட்டால் இரண்டு தண்டாகும், அது போதும். காய் எண்ணிக்கை கொஞ்சம் குறையலாம், ஆனால் பெரிசாகவும் முந்தியும் பழுக்கும்.

இது உயரமாக வளர்ந்துகொண்டே போகிற ஜாதிக்கு மட்டும். ரோமா மாதிரிக் குட்டை ஜாதிக்குப் பக்கக் கிளையில்தான் காய். அதில் முதல் பூங்கொத்துக்குக் கீழே உள்ளதை மட்டும் எடுங்க. மேலே கிள்ளினால் நம்ம காயை நாமே கிள்ளுகிறோம்.

ரிவர்ஸ்டன் காற்றும் மூடுபனியும் நமக்குப் புதிதல்ல. ஈரம் காயாத இலையில்தான் கருகல் நோய் பரவும். அதனால் மண்ணைத் தொடுகிற அடி இலைகளை ஒரு தடவைக்கு இரண்டு மூன்றாக எடுத்து விடுங்க. காய்க்கு நிழல் தருகிற இலையைத் தொடாதீங்க, வெயில் பட்டால் காய் வெந்து வெளுக்கும். பனி காய்ந்த பிறகே கை வையுங்க. கவ்வாத்து மிலாறு அடுப்புக்கு மட்டுமல்ல, நல்ல நீளமானதைப் பொறுக்கி ஊன்றுகோலாக நட்டுக் கட்டுங்க.

ஒன்று சொன்னால் கோபிக்கக் கூடாது. வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள், பீடி குடிக்கிறவர்கள், சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவிட்டுச் செடியைத் தொடுங்க. புகையிலையும் தக்காளியும் ஒரே குடும்பம். புகையிலையில் இருக்கிற வைரஸ் கையோடு வந்து ஒட்டும்.

பச்சையாகவே திடீரென்று துவளுகிற செடி பக்டீரியா வாடலாக இருக்கலாம். தண்டை நறுக்கித் தண்ணீர்க் கிளாசில் விட்டால் வெள்ளையாக நூல் போல வடியும். அதை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்க, கூட்டெருக் குழியில் போடாதீங்க. அந்த இடத்தில் கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கும் நட வேண்டாம்.

நோயில்லாத செடியில் கிள்ளாமல் தப்பி நீண்டு போன பக்கக்கிளை இருந்தால் எறியாதீங்க. அடி இலையை எடுத்து, ஈர மண்ணில் நிழலில் ஊன்றி வையுங்க. இரண்டு வாரத்துக்குள் வேர் பிடிக்கும், விதைப் பாக்கெட்டுக் காசு மிச்சம்.