திடீர்ப் பயணமும் கடனில்லாக் குடும்பமும்

1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்ததையொட்டி, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் உண்டு. அதனால் இன்றும் நம் ஊரில் பல வீடுகளுக்குப் பிரான்சில் சொந்தம் இருக்கிறது. அங்கிருந்து துக்கச் செய்தி வந்தால் உடனே சென்னை சென்று விமானம் ஏற வேண்டும். கடைசி நேர டிக்கெட்டோ பெரும்பாலும் விலை அதிகம். மாதத் தவணை இல்லாத குடும்பம் சேமிப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். கடனில் இருக்கும் குடும்பமோ மூன்று வட்டிக்கு அலையும். ஒரு லட்சம் வாங்கினால் மாதம் 3,000, ஆண்டுக்கு 36,000 ரூபாய் வட்டி மட்டுமே; அசல் அப்படியே நிற்கும்.

எனவே அதிக வட்டிக் கடனை முதலில் அடைத்துவிடுங்கள். பிறகு அதே தவணைத் தொகையை மாதந்தோறும் அஞ்சலகத்திலோ வங்கியிலோ போடுங்கள். உறவுக்கு ஓர் அவசரம் என்றால், யாரிடமும் கைநீட்டாமல் போய் நிற்கலாம்.