அக்கியும் 72 மணி நேரமும்

(நம் குடியிருப்பின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

பார்க்கிங் விஷயம் பேச வந்திருக்கிறீர்கள். அதற்கு முன்னால் செயலாளர் எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்.

போன ஐப்பசியில் வலது விலாவில் எரிச்சல். வாயு என்று நினைத்துப் பெருங்காய மோர் குடித்தேன். இரண்டாம் நாள் முதுகிலிருந்து நெஞ்சு வரை, ஒரு பக்கமாக மட்டும், பட்டை போலக் கொப்புளம். உப்பளத்துத் தண்ணீர் புண்ணில் பட்ட மாதிரி இருந்தது. அக்கா பார்த்துவிட்டு, "தம்பி, இது அக்கி. வேளார்கிட்டப் போய் எழுதிட்டு வா" என்றாள். அவரும் காவி குழைத்துக் கோழி இறகால் எழுதினார். குளிர்ச்சியாகத்தான் இருந்தது. மூன்று நாள் எழுதினேன்.

ஐந்தாம் நாள் வலி தாங்காமல் டாக்டரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "கொப்புளம் கிளம்பி எத்தனை நாள் ஆச்சு?"

சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமிதான் இது. அம்மை இறங்கிய பிறகும் நரம்பின் வேரில் ஒளிந்திருந்து, வயதாகி எதிர்ப்புச் சக்தி குறையும்போது வெளியே வருகிறது. அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர் மாத்திரைகள் அது பெருகுவதைத் தடுக்கும். ஏற்கெனவே கெட்ட நரம்பைச் சரிசெய்யாது. அதனால்தான் கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள் தொடங்கச் சொல்கிறார்கள். எங்கள் வங்கியில் கிளியரிங் நேரம் முடிந்து செக் கொண்டுவருவார்கள், அந்தக் கதைதான். ஆனாலும் நாள் தாண்டிவிட்டதென்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். புதுக் கொப்புளம் வந்துகொண்டிருந்தால் அப்போதும் கொடுப்பார்கள். எனக்கும் கொடுத்தார். புண் ஆறியும் நாலு மாதம் சட்டை பட்டால் எரிந்தது.

சீட்டில் 'ஹெர்பிஸ் ஜோஸ்டர்' என்று எழுதியிருந்தது. மகன் செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு என் முகத்தையே பார்க்கவில்லை! பால்வினை நோயாக வரும் ஹெர்பிஸ் அதே குடும்பத்து வேறு வைரஸ். பெயருக்கு வெட்கப்பட்டு யாரும் மறைக்க வேண்டாம்.

நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள், பார்வைக்கே ஆபத்து. சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள், மருந்தளவு மாறும். மருந்துக்கடையில் களிம்பு கேட்டு வாங்கிப் பூசிக்கொண்டிருந்தால் போதாது. பொருக்கு கட்டும்வரை கொப்புளத்தை மூடி வையுங்கள். அந்த நீர் பட்டால் சின்னம்மை வராத பேரப்பிள்ளைக்கு அம்மை வரலாம். கர்ப்பிணிகள் பக்கமும் போக வேண்டாம்.

50 வயது தாண்டியவர்களுக்கு ஷிங்ரிக்ஸ் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. இரண்டு ஊசி, விலை அதிகம். டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். செலவுக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்; நம் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்கிங்குக்குப் போகலாம்.