லண்டன் போகிறீர்கள், எந்த நாடகம் பார்ப்பது?

(நம் சங்கத்தின் மூத்தோர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கடைசி வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்கிறதா? கேட்கவில்லை என்றால் தயங்காமல் கை தூக்குங்கள். காது கேட்பது பற்றித்தான் இன்று பாதிப் பேச்சு.

செயலாளர் என்னைப் பேசச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஏப்ரல் பிறந்தால் நம் குடியிருப்பில் பாதிப் பேர் பெட்டி கட்டுகிறோம். பிள்ளையைப் பார்க்க, பேரனைப் பார்க்க, பிரசவத்துக்கு உதவ. அதில் லண்டன் போகிறவர்கள் என்னை லிஃப்டில் நிறுத்திக் கேட்பது ஒன்றே ஒன்று: "அங்கே ஏதோ மியூசிக்கல், டிராமா எல்லாம் பார்க்கணுமாமே, எதைப் பார்க்கலாம்?" மகள் அங்கே இருப்பதால் நானும் மனைவியும் நான்கைந்து முறை போய் வந்திருக்கிறோம். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கடிகாரம். கோடையில் லண்டன் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே பெரும்பாலான நாடகங்கள் இரவு ஏழரைக்குத் தொடங்கும். அதாவது உங்கள் உடம்புக்கு அப்போது நள்ளிரவு 12 மணி. முடியும்போது விடியற்காலை இரண்டே முக்கால். போய் இறங்கிய முதல் வாரத்தில் நீங்கள் எவ்வளவு பெரிய ரசிகராக இருந்தாலும் தூங்கித்தான் வழிவீர்கள். ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் பகல் காட்சி உண்டு. மாட்டினி என்பார்கள். புதன், வியாழன், சனி என்று அரங்குக்கு அரங்கு மாறும். இரண்டு அல்லது இரண்டரை மணிக்குத் தொடங்கும். நம் கணக்கில் மாலை ஏழு. நம் சபாக்களில் நாடகம் தொடங்கும் நேரம்! உடம்பு தானாகவே நிமிர்ந்து உட்காரும். முடிந்து வெளியே வரும்போதும் வெளிச்சம் இருக்கும். ரயிலைப் பிடித்து நிதானமாக வீட்டுக்குப் போகலாம்.

அடுத்தது இருக்கை. நம் ஊர் சினிமாக் கொட்டகையில் பால்கனி என்றால் கௌரவம், விலையும் அதிகம். லண்டனில் அது தலைகீழ். தரைத்தளத்தில் இருப்பது ஸ்டால்ஸ். அதற்கு மேல் டிரஸ் சர்க்கிள், அதற்கும் மேல் அப்பர் சர்க்கிள். சில அரங்குகளில் இன்னும் ஒரு மாடி ஏறினால் பால்கனி. மேலே போகப் போக விலை குறையும், படி கூடும், சரிவு செங்குத்தாகும். இவற்றில் பல, விக்டோரியா மகாராணி காலத்திலும் அதை ஒட்டிய காலத்திலும் கட்டியவை. லிஃப்ட் எல்லா இடத்திலும் கிடையாது. முன் இருக்கைக்கும் நம் முழங்காலுக்கும் இடையே ஒரு கைப்பிடிகூட இடம் இருக்காது.

நம் குடியிருப்பிலேயே ஒரு தம்பதி. அனுமதி வாங்கித்தான் சொல்கிறேன். மகன் ஆசையாக டிக்கெட் எடுத்திருக்கிறான், மேல் மாடியில். அம்மாவுக்கு மூட்டு வலி. ஏறிவிட்டார்கள். இடைவேளையில் கழிவறைக்கு இறங்கியவர் மறுபடி ஏற முடியாமல் பாதி நாடகத்தைக் கீழே வராந்தாவில் உட்கார்ந்தே கழித்தார். மகனிடம் "நல்லா இருந்ததுடா" என்று சொல்லியிருக்கிறார். அவன் அடுத்த வருஷம் மறுபடியும் அதே மாதிரி இடத்தில்தான் எடுப்பான், இல்லையா? யார் மேலும் தப்பில்லை. ஆனால் ஆளுக்கு நாற்பது பவுண்டு போயிற்று. பவுண்டுக்கு நூறு ரூபாய்க்கு மேல் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஆகவே நாடகத்தின் பெயரைக் கேட்கும் முன் எத்தனை படி என்று கேளுங்கள். சில அரங்குகளில் ஸ்டால்ஸ் தெருமட்டத்துக்குக் கீழே இருக்கும். அங்கே டிரஸ் சர்க்கிளுக்குத்தான் படி குறைவு. அரங்கின் இணையதளத்தில் இதற்கென்று ஒரு பக்கம் வைத்திருப்பார்கள். சீட்பிளான் என்ற தளத்தில், அந்தந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எடுத்த படங்களே இருக்கின்றன. தூண் மறைக்கும் இடமாக இருந்தால் டிக்கெட்டிலேயே போட்டிருப்பார்கள். விலை மலிவாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம்.

இப்போது காது. கொஞ்சம் கூச்சமான விஷயம். நம்மில் பலருக்கு ஒரு காது மந்தமாகிக்கொண்டு வருகிறது, வெளியே சொல்வதில்லை. என் மனைவி இரண்டு வருடம் மற்றவர்கள் சிரிக்கும்போது சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கே தெரியாது. இதோடு அந்த ஊர் உச்சரிப்பு வேறு. பிபிசி செய்தி புரிகிறது என்பதால் மேடை நாடகம் புரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். மேடையில் நடிகர் திரும்பி நின்று பேசுவார், முணுமுணுப்பார், வட இங்கிலாந்து வழக்கில் விளாசுவார்.

இதற்கு அங்கே ஓர் ஏற்பாடு இருக்கிறது. குறிப்பிட்ட சில காட்சிகளில் மேடைக்குப் பக்கத்தில் பலகை வைத்து வசனத்தை எழுத்தாக ஓடவிடுவார்கள். 'கேப்ஷண்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்று தேடினால் தேதி கிடைக்கும். நேஷனல் தியேட்டரில் போட்டுக்கொண்டால் கண்முன்னே வசனம் தெரிகிற மூக்குக்கண்ணாடியையே 2018இல் கொண்டுவந்தார்கள். மகள் அப்படி ஒரு பலகைக் காட்சிக்கு எங்களை அழைத்துப் போனாள். நடிகர் சொல்லி முடிக்கும் முன்பே வசனத்தைப் படித்துவிட்டு, அரங்கில் எல்லோருக்கும் முன்னால் என் மனைவி சிரித்தாள். பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார அம்மாள் திரும்பிப் பார்த்தார். ஊர் திரும்பியதும் முதல் வேலையாகக் காது டாக்டரிடம் போனோம்.

சரி, எந்த நாடகம்?

இசை நாடகங்களில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் நான் சொல்வது 'லே மிஸரபிள்'. 1985 முதல் லண்டனில் நடக்கிறது. இப்போது ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவில் சோண்டைம் அரங்கில். ஏறக்குறைய எல்லா வசனமும் பாட்டுதான். பாட்டில் எப்படிப் புரியும் என்பீர்கள். உங்களுக்குக் கதை முன்பே தெரியும்! விக்டர் ஹ்யூகோவின் இந்த நாவலைத்தான் சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழில் தந்தார். 1950இல் அதே பெயரில் நாகையா நடித்துப் படமாகவும் வந்தது. அதில் விடாமல் துரத்தும் இன்ஸ்பெக்டர் ஜாவராக நடித்த சீதாராமனுக்கு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. 'அந்த நாள்' எழுதிய ஜாவர் சீதாராமன் அவர்தான். கிளம்பும் முன் கதையை ஒரு முறை நினைவுபடுத்திக்கொண்டு போனால், மேடையில் ஜாவர் பாடும்போது ஒரு சொல்கூடப் புரியாவிட்டாலும் அவன் மனசு புரியும். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடும், ஆகவே பகல் காட்சியே உத்தமம்.

பேரக்குழந்தைகளோடு என்றால் 'லயன் கிங்'. 1999 முதல் லைசியம் அரங்கில். ஆட்களே பொம்மைகளைத் தாங்கிச் சிங்கமாகவும் ஒட்டகச்சிவிங்கியாகவும் நடக்கிறார்கள். ஆட்களை மறைக்காமலேயே அதைச் செய்கிறார்கள். நம் பொம்மலாட்டமும் தெருக்கூத்தும் பார்த்த கண்ணுக்கு அது உடனே பிடித்துவிடும். ஒரு குறிப்பு: தொடக்கத்தில் மிருகங்கள் பார்வையாளர் நடுவே நடைபாதை வழியாக வரும். ஸ்டால்ஸில் நடைபாதை ஓரம் உட்கார்ந்த குழந்தைக்கு ஆயுசுக்கும் மறக்காது. மேல்மாடியில் உட்கார்ந்தால் அந்த ஊர்வலத்தில் பாதி தெரியாது. மிகச் சிறு குழந்தைகளை அனுமதிக்க மாட்டார்கள். வயது வரம்பைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். கோடை விடுமுறையில் 'கிட்ஸ் வீக்' என்று ஒரு திட்டம் உண்டு. முழுக் கட்டணம் கொடுக்கும் பெரியவர் ஒருவரோடு ஒரு பிள்ளைக்கு இலவசம். பெயர்தான் வாரம், வாரக்கணக்கில் நடக்கும்.

'மௌஸ்டிராப்' பற்றிப் பலர் கேட்கிறீர்கள். அகதா கிறிஸ்டி எழுதியது, 1952இல் தொடங்கியது, கொரோனாவுக்காக நிறுத்தியதைத் தவிர ஓடிக்கொண்டே இருக்கிறது. கொலையாளி யார் என்று வெளியே சொல்லாதீர்கள் என்று கடைசியில் மேடையிலிருந்தே கேட்டுக்கொள்வார்கள், நானும் சொல்லப்போவதில்லை. பழைய நாடகம்தான், பழைய வாசனைதான். ஆனால் அரங்கு சிறியது, இங்கிலீஷ் நிறுத்தி நிதானமாகக் காதில் விழும். பழைய சபா நாடகங்களை ரசித்தவர்களுக்கு ஒத்துவரும். உங்கள் மகனுக்குப் போரடிக்கலாம். அவனை வெளியே காபி குடிக்கச் சொல்லுங்கள்.

'ஹாமில்டன்' உலகப் புகழ்தான், மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்க அரசியல் வரலாற்றை ராப் வேகத்தில் பாடுகிறார்கள். பாட்டுகளை முன்பே பத்து முறை கேட்டவர்களுக்கு அது விருந்து; மற்றவர்களுக்கு எல்லோரும் பேசிவைத்திருக்கிறார்களே என்று மரியாதைக்கு உட்காரும் மூன்று மணி நேரம். பேத்தி கேட்டால் அவளை அவள் தோழிகளோடு அனுப்புங்கள்.

ஷேக்ஸ்பியரின் குளோப் தனி. அவர் காலத்து அரங்கின் மாதிரியில் தேம்ஸ் கரையில் கட்டி 1997இல் திறந்தார்கள். கூரையில்லாத முற்றத்தில் நின்று பார்க்கலாம், கட்டணம் மிகக் குறைவு. நின்றுதான் பார்க்க வேண்டும், உட்காரக் கூடாது. மழை வந்தால் குடை பிடிக்கக் கூடாது. அறுபதைத் தாண்டிய நமக்கு அது வேண்டாம். சுற்றிலும் உள்ள மர பெஞ்சில் இடம் எடுங்கள், மெத்தை வாடகைக்குக் கிடைக்கும். கல்லூரியில் 'மெக்பெத்' படித்துப் பரீட்சை எழுதியவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்? பாருங்கள், எத்தனை கை! ஐம்பது வருஷத்துக்கு முன் நெட்டுரு போட்ட வரி மேடையில் வரும்போது வாய் தானாக முணுமுணுக்கும்.

நேஷனல் தியேட்டரை நம்மவர்கள் யாரும் கேட்பதேயில்லை. பெயரைக் கேட்டதும் மனோகரின் குழு ஞாபகம் வருகிறது என்று முன் வரிசையில் சொல்கிறார்கள். எனக்கும்தான்! இது தேம்ஸின் தென்கரையில், 1976இல் திறந்த கட்டடம். ஒரே கூரையின் கீழ் மூன்று அரங்குகள். லிஃப்ட் இருக்கிறது, கால் நீட்ட இடம் இருக்கிறது. அங்கே ஒரே நாடகம் பல வருடம் ஓடாது, மாறிக்கொண்டே இருக்கும். 2022இல் அதன் பெரிய அரங்கில் காந்தியையும் கோட்சேயையும் வைத்து 'தி ஃபாதர் அண்ட் தி அஸாஸின்' என்ற நாடகம் நடந்தது. எழுதியவர் சென்னைக்காரரான அனுபமா சந்திரசேகர். இயக்கியவர் இந்து ரூபசிங்கம், பெற்றோர் இலங்கைத் தமிழர். 2025இல் அந்த நிறுவனத்துக்கே தலைவராகப் பொறுப்பேற்றார், அந்தப் பதவியில் முதல் பெண். நீங்கள் போகும் மாதம் என்ன நடக்கிறது என்று ஒரு முறை பாருங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

பணம் பற்றிச் சுருக்கமாக. லெஸ்டர் சதுக்கத்தில் டிகேடிஎஸ் என்று ஒரு சாவடி இருக்கிறது. அன்றன்றைக்கு மிஞ்சிய டிக்கெட்டைக் குறைந்த விலைக்குத் தருவார்கள். சுற்றிலும் 'பாதி விலை' என்று போர்டு மாட்டிய மற்ற கடைகளும் உண்டு, அவை வேறு. ஆனால் படி, காது, பகல் காட்சி என்று நமக்கு இத்தனை நிபந்தனை இருக்கும்போது கடைசி நிமிடத்தில் கிடைத்ததை வாங்குவது சரிப்படாது. இங்கிருந்து கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள். மூன்று வாரத்துக்கு இரண்டு நாடகம் போதும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பிள்ளைகளிடம் வாய் திறந்து சொல்வது. "எதுவானாலும் சரிப்பா" என்கிறோம். அவர்கள் விலை உயர்ந்தது எதுவோ அதுதான் நல்லது என்று எடுக்கிறார்கள். நாம் பிடிக்காததைப் பிடித்தது என்கிறோம். "எனக்கு முட்டி வலிக்கிறது, பகல் காட்சி, கீழ் வரிசை, வசனப் பலகை இருந்தால் நல்லது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? கணவன் மனைவிக்கு ரசனை வேறென்றால் தனித்தனியாகப் போங்கள். என் மனைவி மௌஸ்டிராப் பார்த்த மத்தியானம் நான் ஆற்றங்கரையில் நடந்தேன். இருவருக்கும் நல்ல மத்தியானம்.

கடைசியாகச் சில சில்லறை விஷயங்கள். தாமதமாகப் போனால் உடனே உள்ளே விட மாட்டார்கள், பொருத்தமான இடைவெளி வரும்வரை வெளியே நிற்க வேண்டும். ஏசி குளிராக இருக்கும், சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டி, டிராலி எல்லாம் கொண்டுபோக வேண்டாம். இடைவேளை கால் மணி, இருபது நிமிடம்தான். பெண்கள் கழிவறை வரிசை நீளம், விளக்குப் போட்ட உடனே எழுந்துவிடுங்கள். ஐஸ்கிரீம் சின்னக் கப்பில் விற்பார்கள், மூடிக்குள்ளேயே கரண்டி இருக்கும். அது தெரியாமல் கரண்டி தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மே, ஜூனில் கிளம்புகிறவர்கள் டீ முடிந்ததும் தேதியோடு வாருங்கள். லேப்டாப் கொண்டுவந்திருக்கிறேன், எந்தத் தேதியில் எங்கே வசனப் பலகைக் காட்சி என்று இப்போதே பார்த்துவிடலாம்.