ஒரு பேராசிரியரின் ஓராண்டு



உயர்கல்வி நிலையங்களில் பணியாற்றும் பேராசிரியர்கள், ஆண்டுக்கு ஒரு முறை தம் வேலைக்குக் கணக்கு ஒப்புவிக்கும் வழக்கம் உண்டு. அக்கணக்கு பெரும்பாலும் மூன்று தலைப்புகளில் அமையும். முதலாவது கற்பித்தல், இரண்டாவது ஆராய்ச்சி, மூன்றாவதை ஆங்கிலத்தில் ‘சர்வீஸ்’ என்பர். மத்திய சர்க்காரின் மொழிபெயர்ப்பு அலுவலில் இருக்கும் நம் போன்றோருக்கு முதல் இரண்டும் தொல்லை தருவதில்லை. மூன்றாவதை எழுத வரும்போதுதான் பேனா தயங்குகிறது. ‘சேவை’ என்றால் கோயிலும் ரயிலும் ஒருங்கே நினைவுக்கு வருகின்றன. ‘ஊழியம்’ என்றால் சம்பளத்துக்குச் செய்யும் வேலை போல ஒலிக்கிறது. அத்தலைப்பின் கீழ் வரும் காரியங்களுக்குப் பெரும்பாலும் தனி ஊதியம் கிடையாது என்பதை எண்ணி, இவ்வுரையில் அதனைத் ‘தொண்டு’ என்றே குறிப்பிடுவோம்.

கணிப்பொறி இயலைக் கற்பிக்கும் பேராசிரியர் ஒருவரின் ஆண்டு எவ்வாறு கழிகிறது? ஜூலை, ஆகஸ்டு மாத வாக்கில் ஒரு பருவம் தொடங்கும், ஜனவரியில் மற்றொன்று. பருவத்துக்கு ஒன்றோ இரண்டோ பாடங்கள். வாரத்துக்குச் சில மணி நேரமே வகுப்பு என்று கேள்வியுறும் அயலார், “இவ்வளவுதானா?” என்று வியப்பதுண்டு. அந்தச் சில மணி நேரத்துக்குப் பின்னே ஆயத்தம், செய்முறைக் கூடம், வினாத்தாள், விடைத்தாள், தனியே வந்து ஐயம் கேட்கும் மாணாக்கர் என ஒரு நெடிய வரிசை நிற்கிறது. வேறொரு சுமையும் உண்டு. இலக்கணம் கற்பிப்பவர் பத்து ஆண்டுகளுக்கு முன் எழுதிய குறிப்பை எடுத்துக்கொண்டு வகுப்புக்குச் செல்லலாம். கணிப்பொறி ஆசிரியர் அவ்வாறு செய்தால், முன் வரிசையில் இருக்கும் பையனே அவரைத் திருத்திவிடுவான்!

ஆராய்ச்சி என்பது தாமே செய்வதும், டாக்டர் பட்டத்துக்கு உழைக்கும் மாணவர்களைக் கொண்டு செய்விப்பதுமாம். மற்ற விஞ்ஞானத் துறைகளில் பருவ இதழ்களுக்கு இருக்கும் மதிப்பு, இத்துறையில் பெரிய மாநாடுகளில் ஏற்கப்படும் கட்டுரைகளுக்கும் உண்டு. ஆதலால் மாநாட்டுக்குரிய கடைசித் தேதிகளை ஒட்டியே இவர்களுடைய நாட்காட்டி நடக்கிறது. தொண்டின் கீழோ, பாடத்திட்டக் குழு, நுழைவுத் தேர்வு வேலை, பிறர் எழுதிய கட்டுரைகளை ஊதியமின்றிப் படித்து மதிப்பிடுதல், வெளியூர் ஆய்வேடுகளைத் திருத்துதல், அரசாங்கத்துக்கு ஆலோசனை கூறுதல் ஆகிய யாவும் அடங்கும்.

இம்மூன்றும் ஒருவர் வாழ்விலே எவ்வாறு பின்னிக் கிடந்தன என்பதற்கு நம் நாட்டிலேயே சிறந்த உதாரணம் உண்டு. பேராசிரியர் வி. ராஜாராமன் 1933ஆம் ஆண்டில் ஈரோட்டிலே பிறந்தவர். பள்ளிப் படிப்பைப் புது தில்லியில், மதராஸி எஜுகேஷன் அசோசியேஷன் நடத்திய உயர்நிலைப் பள்ளியில் முடித்தார். சர்க்கார் வேலைக்காக வடக்கே குடியேறிய தமிழர்கள் தம் பிள்ளைகளுக்கென நடத்திய பள்ளி அது. பிற்காலத்தில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் என்ற பெயருடன் ஏழு பள்ளிகளாக வளர்ந்திருப்பது அந்த அமைப்பே. தில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம், அமெரிக்காவில் எம்.ஐ.டி. எனப் பயின்று, 1961இல் விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1963இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார்.

அதே 1963இல்தான் கான்பூருக்கு ஐ.பி.எம். 1620 என்னும் கணிப்பொறி வந்து சேர்ந்தது. ஒன்பது அமெரிக்கக் கல்வி நிலையங்கள் கான்பூருக்கு உதவ முன்வந்திருந்த காலம் அது. ஹாரி ஹஸ்கி முதலிய அமெரிக்கப் பேராசிரியர்கள் நேரில் வந்து உதவினர். எச். கே. கேசவன் என்பார் கணிப்பொறி மையத்துக்குத் தலைமை தாங்கினார். அந்த யந்திரத்தைப் பற்றி ஒரு வேடிக்கையான செய்தி உண்டு. கூட்டல் செய்வதற்கென்று தனி மின்சுற்று அதனிடம் இல்லை. ஒற்றை இலக்கங்களின் கூட்டல் வாய்ப்பாடு அதன் நினைவகத்தில் எழுதி வைக்கப்பட்டிருக்கும். மூன்றும் நான்கும் எத்தனை என்று கேட்டால், அந்த வாய்ப்பாட்டைப் பார்த்து ஏழு என்று சொல்லும். திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை நெட்டுருச் செய்த நம் பாட்டனார்கள் இதனைக் கண்டிருந்தால், ‘நம் வழிக்கு வந்துவிட்டான்’ என்று மகிழ்ந்திருப்பர்.

இந்த யந்திரத்துக்கு ஆணைகளைத் துளையிட்ட அட்டைகளின் வாயிலாகவே கொடுக்க வேண்டும். அட்டைக்கு எண்பது பத்திகள். வரிக்கு ஓர் அட்டை. ஃபோர்ட்ரான் என்னும் மொழியில் மாணவர் எழுதியதை அட்டைகளில் துளையிட்டுக் கட்டாகக் கட்டிக் கொடுப்பர். யந்திரம் அதைப் படித்துத் தனக்குப் புரியும் வேறொரு கட்டைத் துளையிட்டுத் தரும். அந்தக் கட்டை மறுபடியும் உள்ளே செலுத்தினால்தான் விடை கிடைக்கும். நடுவிலே ஒரு காற்புள்ளி பிழைத்திருந்தால் மீண்டும் முதலிலிருந்து வரவேண்டியதே. கட்டு கை தவறிக் கீழே விழுந்தால் ஏற்படும் அவதியைச் சொல்லவும் வேண்டுமோ?

இத்தகைய யந்திரம் ஒன்றே இருக்கும் இடத்தில், அதனை யார் தொடலாம் என்ற கேள்வி எழுவது இயல்பு. ஆராய்ச்சி செய்யும் சிலருக்கே உரியது என்று கதவைச் சாத்திக்கொண்டிருக்கலாம். பல நாடுகளில் பல நிலையங்கள் அவ்வாறே செய்தன. கான்பூரிலோ, எந்தப் பொறியியற் பிரிவைச் சேர்ந்த மாணவராயினும் கணிப்பொறிக்கு ஆணை எழுதக் கற்க வேண்டும் என்று வகுத்தனர். கட்டடப் பொறியியல் பயில்பவரும், உலோகவியல் பயில்பவரும் அட்டைக் கட்டுடன் வரிசையில் நின்றனர். அதனோடும் அமையாமல், வெளிக் கல்லூரிகளிலிருந்தும் ஆராய்ச்சிச் சாலைகளிலிருந்தும் வந்தவர்களுக்கென்று சில நாட்கள் நீளும் தீவிரப் பயிற்சி வகுப்புகளையும் நடத்தினர். இவ்வகுப்புகளை ஆண்டுக் கணக்கின் எந்தத் தலைப்பில் எழுதுவது? கற்பித்தலா, தொண்டா? இங்கேதான் நம் மூன்று தலைப்புகளும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

1965இல் மின்பொறியியல் துறைக்குள்ளேயே கணிப்பொறி இயலுக்கு எம்.டெக். படிப்பு தொடங்கிற்று. எழுபதுகளின் இறுதியில் பி.டெக். வந்தது. இடையே 1969இல் ராஜாராமன், கணிப்பொறிக்கு ஆணை எழுதும் முறையை விளக்கும் பாடநூல் ஒன்றை வெளியிட்டார். வகுப்பறையில் மாணவர் தடுக்கி விழுந்த இடங்களை நேரிற் கண்டவர் எழுதிய நூல் அது. மேல்நாட்டு நூல்களை வாங்க இயலாத மாணவருக்கும் எட்டும் விலையில் கிடைத்தது. தொடர்ந்து பல நூல்கள் எழுதினார். கான்பூரையோ பெங்களூரையோ ஒரு நாளும் காணாத எத்தனையோ சிற்றூர்க் கல்லூரி மாணவர்களுக்கு அந்நூல்களே ஆசிரியர்.

ஆராய்ச்சியை அவர் கைவிட்டாரோ என்றால் அதுவும் இல்லை. முப்பது பேர் அவருடைய வழிகாட்டலில் டாக்டர் பட்டம் பெற்றனர். 1976இல் பொறியியலுக்கான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு அவருக்குக் கிடைத்தது. இவை கணக்கில் ஏறும் சமாசாரங்கள் ஆதலால் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கணக்கில் எளிதில் ஏறாத காரியம் ஒன்றைச் சற்று விரித்துக் கூறுவோம். எண்பதுகளின் தொடக்கத்தில், நாட்டுக்கு எத்தனை கணிப்பொறி வல்லுநர் தேவைப்படுவர், அவர்களை எங்கிருந்து பெறுவது என்று ஆராய, மின்னணுவியல் ஆணையம் ஒரு குழுவை அமைத்தது. ராஜாராமன் அதன் தலைவர். பொறியியற் கல்லூரிகள் அந்நாளில் மிகச் சில. அவற்றில் இடம் பெறுவோரோ அதனினும் சிலர். மறுபக்கம், பி.ஏ., பி.எஸ்ஸி., பி.காம். முடித்துவிட்டுத் தட்டெழுத்துப் பள்ளியின் வாசலில் காத்திருந்த பட்டதாரிகள் ஆயிரக் கணக்கினர். இவர்களில் கணிதத்தில் நாட்டமுடையவர்களுக்கு மூன்றாண்டு முறையாகப் பயிற்சி கொடுத்தால் தேவை நிறைவேறும் என்று அக்குழு கண்டது. அவ்வாறு பிறந்ததே எம்.சி.ஏ. என்னும் படிப்பு. 2020ஆம் ஆண்டில் அது இரண்டாண்டுப் படிப்பாகச் சுருக்கப்பட்டது. கலைப் பட்டதாரிகளாகிய நம்முடைய தலைமுறையிலும், நமக்கு முந்தியதிலும், பெங்களூருக்கும் புனேக்கும் ஹைதராபாத்துக்கும் குடியேறிய எத்தனை தமிழ்க் குடும்பங்களின் வீட்டு வாசலை இந்தப் படிப்புத் திறந்துவிட்டது என்பதை, இவ்வுரையைக் கேட்கும் நேயர்களே தத்தம் தெருவைப் பார்த்துக் கணித்துக் கொள்ளலாம். குழு அறிக்கை எழுதிய பொழுதில் ராஜாராமன் இன்னும் சில ஆராய்ச்சிக் கட்டுரைகளை எழுதியிருக்கக் கூடும். நாம் எதனைத் தேர்ந்தெடுத்திருப்போம் என்பதில் நமக்கு ஐயமில்லை.

இக்காலத்துக் கணக்குகளை நோக்கும்போது சிறிது கவலை உண்டாகிறது. 2015இல் மத்திய சர்க்கார் உயர்கல்வி நிலையங்களைத் தரவரிசைப்படுத்தும் திட்டத்தை அறிமுகப்படுத்தியது. முதற் பட்டியல் 2016இல் வெளியாயிற்று. எத்தனை கட்டுரைகள், எத்தனை முறை பிறர் அவற்றைச் சுட்டினர் என்பதை எண்ணுவது எளிது. முதலாண்டு வகுப்பில் பயந்து அமர்ந்திருக்கும் சிறுமிக்குக் கணிப்பொறி பிடிபட்டதா என்பதை எப்படி எண்ணுவது? எண்ணத் தக்கதையே செய்யும்படி இளம் ஆசிரியர்களை நாம் நெருக்கினால், ஒரு நல்ல பாடநூலை எழுத நாலைந்து ஆண்டுகள் செலவிட யார் துணிவர்? கணக்குக் கேட்பதே தவறென்று நாம் கூறவில்லை. வரிப் பணத்தில் நடக்கும் நிலையம் கணக்குக் கொடுக்கத்தான் வேண்டும். கற்பித்தலும் தொண்டும் அப்படிவத்தில் வெறும் ஒப்புக்கு நிற்கும் தலைப்புகள் ஆகிவிடலாகாது என்பதே நம் கருத்து.

பெற்றோரிடமும் ஒரு சொல். பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கச் செல்லும் நம்மவர், எந்தக் கம்பெனி வருகிறது, எத்தனை லட்சம் கொடுக்கிறது என்று விசாரிக்கிறார்கள். அதனுடன், முதலாண்டுப் பாடத்தை நடத்துவது யார், அவர் பேராசிரியரா, நேற்றுச் சேர்ந்த தற்காலிக ஆசிரியரா என்றும் விசாரிக்கலாம். விடை சொல்லத் தயங்கும் கல்லூரியைப் பற்றி அந்தத் தயக்கமே நிறையச் சொல்லிவிடும். நல்ல வகுப்பு கிட்டாத மாணவருக்கு இன்று மற்றொரு வாய்ப்பும் இருக்கிறது. தொழில்நுட்பக் கழகங்களும் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தின் வழியே, பேராசிரியர்களின் விரிவுரைகளை வீட்டிலிருந்தே இலவசமாகக் கேட்கலாம். அவற்றுட் சிலவற்றின் எழுத்து வடிவம் தமிழிலும் கிடைக்கிறது.

ராஜாராமன் 1982இல் கான்பூரை விட்டுப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்குச் சென்று, அங்கே 1994 வரை பணி புரிந்தார். 1998இல் பத்மபூஷண் விருது பெற்றார். ஓய்வு பெற்ற பின்னும் பாடநூல் எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. பழைய ஃபோர்ட்ரான் மாறிப் புதிய ஃபோர்ட்ரான் வந்தபோது அதற்கேற்ப நூல் எழுதினார். சி என்னும் மொழி பரவியபோது அதற்கும் எழுதினார். பழைய புத்தகக் கடைகளில் அவற்றின் பிரதிகள் இன்றும் கிடைக்கின்றன. ஓரங்களில் பென்சிற் குறிப்புகளுடனும், முதற் பக்கத்தில் இரண்டு மூன்று பேரின் பெயர்களுடனும் ஒரு பிரதி நம்மிடமும் உண்டு.