இரண்டு பூச்சும் ஒரு கலமும்

(நமது சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



வித்துவான்கள் நின்று பேச வேண்டிய இம்மேடையில், மண்ணிலும் சாம்பலிலும் கை தோய்ந்த நம்மைப் போன்றோரை நிறுத்திப் பேசப் பணித்த காரியதரிசி அவர்களுக்கு முதற்கண் வந்தனம் செலுத்துகிறோம். பேச எடுத்துக்கொண்ட விஷயம், நம் கைத்தொழிற் கலங்களின்மேல் ஒரு கண்ணாடிப் பூச்சின்மீது மற்றொரு பூச்சை இட்டுச் சுடும் பிரயோகம். சென்ற இரண்டு வருஷங்களாக நம் குலத்தாரில் ஐந்து குடும்பத்தார் சேர்ந்து இம்முயற்சியைச் செய்து வந்தோம். அதில் பெற்ற லாபத்தை மட்டுமன்றி, பட்ட நஷ்டத்தையும் ஒளியாமல் சொல்வதே நமது நோக்கம்.

கிளேஸ் என்று இக்காலத்துத் தொழிலாளர் வழங்கும் கண்ணாடிப் பூச்சு நம் முன்னோருக்கு இன்றியமையாததாய் இருந்ததில்லை. ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும் கிடைத்த கருப்பு சிவப்புக் கலங்களின் பளபளப்பு, தேய்த்து மெருகேற்றியதால் வந்ததேயன்றிக் கண்ணாடியால் வந்ததன்று. தண்ணீர்ப் பானைக்குப் பூச்சு கூடவே கூடாது. பானையின் நுண்ணிய துளைகளில் நீர் கசிந்து ஆவியாவதனாலன்றோ உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது? அத்துளைகளை அடைத்துவிட்டால் பானைக்கும் தகர டப்பாவுக்கும் பேதம் என்ன? ஆகையால் பூச்சில்லாத கலத்தை யாரும் தாழ்வாக எண்ணலாகாது.

ஆயினும் காலம் மாறிவிட்டது. ஊறுகாய் ஜாடி, தேநீர்க் கிண்ணம், உண்ணும் தட்டு முதலியவற்றை ஜனங்கள் பூச்சுள்ளனவாகவே கேட்கிறார்கள். வேலூருக்கு அருகிலுள்ள கரிகிரியில் பூச்சுக் கலம் செய்யும் மரபு உண்டு. புதுச்சேரியில் 1971-ஆம் வருஷம் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்னும் இரண்டு அமெரிக்கர் நிறுவிய கோல்டன் பிரிட்ஜ் மட்கலச் சாலையிலிருந்து பயின்று வெளிவந்தோர் பலர். அன்னிய தேசத்தார் வந்து நம் கரையில் செய்து காட்டிய காரியத்தை, திருகையோடு பிறந்த நாம் செய்ய இயலாதா என்னும் எண்ணமே நம்மைத் தூண்டியது.

பூச்சு என்பது யாது? மூன்று பொருள்களின் சேர்க்கை. கண்ணாடியாவது வெங்கச்சங்கல் தரும் சிலிகா. அது உருகி வழிந்தோடாமல் கட்டி நிறுத்துவது, களிமண்ணிலுள்ள அலுமினா. இவ்விரண்டையும் உருகச் செய்வது சுண்ணாம்பு, சாம்பற்சத்து முதலிய இளக்கிப் பொருள். இவற்றோடு இரும்பு, தாமிரம், கோபால்ட் முதலியவற்றின் துருக்கள் வர்ணத்துக்காகச் சேர்கின்றன.

இங்கே ஓர் ஆச்சரியத்தைக் கவனிக்க வேண்டும். சிலிகா தனியே உருக ஏறக்குறைய 1700 டிகிரி சூடு வேண்டும். அலுமினாவுக்கு 2000 டிகிரிக்கு மேல். சுண்ணாம்புக்கோ 2500 டிகிரிக்கும் மேல். ஆனால் இம்மூன்றையும் தக்க விகிதத்தில் கலந்தால், 1170 டிகிரியிலேயே உருகத் தொடங்குகின்றன. தனித்தனியே அசையாத மூவர் ஒன்று கூடினால் இளகிவிடுகிறார்கள். இந்த உண்மையை அறியாமையால்தான் நாம் பெருநஷ்டம் அடைந்தோம்.

ஒன்றன்மேல் ஒன்றாகப் பூச்சிடும் வித்தை புதிதன்று. சீன தேசத்தில் தாங் வம்சத்தார் காலத்தில் (618–907) பச்சை, பழுப்பு மஞ்சள், வெண்மை ஆகிய பூச்சுக்களை ஒன்றோடொன்று வழிந்து கலக்கும்படி செய்தார்கள். அவை ஈயப் பூச்சுக்கள். அக்கலங்கள் பெரும்பாலும் பிரேதத்தோடு சமாதியில் வைக்கப்பட்டவை. பின்பு ஸுங் வம்சத்தார் காலத்தில் (960–1279) ஜியாங்ஸி மாகாணத்து ஜிஜோ சூளைகளில், கரும்பழுப்புப் பூச்சின்மேல் சாம்பற்சத்து மிகுந்த வெளிர்ப் பூச்சைத் தெளித்து, ஆமையோட்டைப் போன்ற தோற்றமுள்ள தேநீர்க் கிண்ணங்கள் செய்தார்கள். சாம்பலும் இரும்பு மண்ணுமே அவர்களுடைய மூலதனம். அவை நம்மிடத்திலும் இருக்கின்றன அன்றோ?

நம் ஊர்ச் செம்மண் அதிகச் சூடு தாங்காது. பெரும்பாலும் 1100 டிகிரியைக் கடந்தால் உப்பும் அல்லது தொய்யும். ஆகவே உயர்ந்த சூடு தாங்கும் மண்ணை வருவித்து, சிறிய சூளை ஒன்று கட்டி, ஐந்து பூச்சுக்களைத் தயாரித்தோம். அவற்றுள் ஒன்று இரும்புத் துரு மிகுந்த கரும்பூச்சு. மற்றொன்று அரிசி ஆலையில் குப்பையாய்க் கொட்டும் உமிச்சாம்பலால் செய்த வெண்பூச்சு. உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிகாவே. ஐந்தும் தனித்தனியே 1240 டிகிரியில் ஒழுங்காய் நின்றன. பின்பு சிறு ஓடுகள்மேல் ஒன்றன்மீது ஒன்றிட்டுச் சுட்டோம். கரும்பூச்சின்மேல் வெண்பூச்சு இட்ட ஓடு, மழைமேகத்தினூடே நீலம் தோன்றுவதுபோல் வெளிவந்தது. நீல வர்ணம் ஒரு துளியும் நாம் சேர்க்கவில்லை. உருகிய கண்ணாடிக்குள் மிக நுண்ணிய துளிகள் தனியே பிரிந்து நின்று ஒளியைச் சிதறச் செய்வதால் அந்நீலம் தோன்றுகிறது என்று பிறகே கற்றோம். அதே இரண்டையும் மாற்றி, வெண்மைமேல் கருமையை இட்டால், மங்கிய பழுப்பே கிடைத்தது. எது கீழ், எது மேல் என்பதில் அவ்வளவு இருக்கிறது.

அந்த ஓட்டைக் கண்ட ஒரு தேநீர்க் கடைக்காரர் கிண்ணங்களுக்கு முன்பணம் கொடுத்தார். நமக்கோ தலைகால் தெரியவில்லை. ஆலை வேலையை விட்டுவிட்டுக் குலத்தொழிலுக்குத் திரும்பியிருந்த நம் இளைஞர் ஒருவர், மூன்று மாதம் இரவு பகல் பாராமல் திருகையில் உட்கார்ந்தார். மறுபரீக்ஷை ஒன்றும் செய்யாமல் சூளை நிறைய அடுக்கினோம். இரண்டு நாள் ஆறவிட்டுத் திறந்தபோது, கிண்ணத்தின் விளிம்பிலிருந்த பூச்செல்லாம் அடியில் இறங்கி, கிண்ணமும் சூளைத் தட்டும் ஒரே கல்லாய் ஒட்டிக் கிடந்தன. உளியால் தட்டினால் கிண்ணமும் உடைந்தது, தட்டும் உடைந்தது. அரைவாசிக்கு மேல் போயிற்று. அந்த இளைஞர், "பெரியப்பா, நான் ஆலைக்கே போய்விடுகிறேன்" என்றார். அதற்கு மறுமொழி சொல்ல நம்மில் ஒருவருக்கும் நா எழவில்லை.

காரணத்தைக் கண்டறிந்தவர் யார் தெரியுமோ? ஆயுளில் ஒரு நாளும் கண்ணாடிப் பூச்சைத் தொட்டறியாத நம் வீட்டுப் பாட்டியார் ஒருவர். பழைய ஓட்டையும் உடைந்த கிண்ணத்தையும் இரு கையிலும் வைத்துப் பார்த்து, "ஓட்டைப் படுக்க வைத்துச் சுட்டீர்கள், கிண்ணம் நிற்கிறதே அப்பா! படுத்தது எங்கே வழியும்?" என்றார். உண்மை அதுவே. இரு பூச்சுக்கள் கூடுமிடத்தில் இரண்டுமல்லாத மூன்றாவது பூச்சு உண்டாகிறது. அது தாய்ப் பூச்சுக்களைவிடக் குறைந்த சூட்டில் உருகும், தடிப்போ இரட்டிப்பு. படுத்த ஓட்டில் வழிய இடமில்லாமையால் குற்றம் மறைந்திருந்தது. அறுபது வருஷம் சூளை பார்த்த கண், நம் புஸ்தகப் படிப்புக்குப் புலப்படாததைக் கண்டது.

அதன்பின் முறையை முற்றிலும் மாற்றினோம். ஆர்வமுள்ளோர் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது, மாதிரி ஓடு நிற்க வேண்டும். திருகையில் வளையமாக வனைந்து துண்டுகளாக வெட்டினால், அடியுள்ள நிற்கும் ஓடுகள் கிடைக்கும். கலம் எந்த மண்ணோ, ஓடும் அதே மண்ணாயிருக்க வேண்டும். ஒவ்வொன்றின் கீழும் வழிவதை ஏந்தச் சிறு மண்தட்டு வைக்க வேண்டும்.

இரண்டாவது, ஒன்றையும் விடாமல் பார்க்க வேண்டும். ஐந்து பூச்சுக்களை ஒவ்வொன்றின்மேலும் ஒவ்வொன்றாக இட்டால் 25 ஓடுகள் ஆகும். ஐந்து, தன்மேல் தானே. மற்ற இருபதும் பத்து ஜோடிகளின் இரண்டு வரிசைகள். இவற்றுள் நமக்கு உதவியவை நான்கே. எஞ்சிய இருபத்தொன்றும் வீண் என்று எண்ணற்க. எதைச் செய்யலாகாது என்று அவை கற்பித்தன.

மூன்றாவது, மேற்பூச்சைக் கலத்தின் மேல் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே இட வேண்டும். அடியில் ஒரு விரற்கடை அகலம் பூச்சில்லாமல் துடைத்துவிட வேண்டும். கீழ்ப்பூச்சு அளவுக்கு மீறி உலர்ந்து மாவாய் உதிரும் நிலையில் மேற்பூச்சை இட்டால், இரண்டும் சுருண்டு, வெறும் மண் திட்டுத் திட்டாய்த் தெரியும்.

நான்காவது, சூட்டைக் கண்மதிப்புக்கு விடலாகாது. ஜெர்மனி தேசத்து ஹெர்மன் ஸேகர் 1886-ஆம் வருஷத்தில் வகுத்த கூம்புகள், குறித்த சூடும் நேரமும் சேர்ந்தவுடன் தாமே தலை வணங்கும். சூளையின் மேல்தட்டில் ஒன்றும் கீழ்த்தட்டில் ஒன்றும் வைத்தோம். இரண்டுக்கும் இருந்த வித்தியாசத்தைக் கண்ட பின்பே, ஒரே சூளையில் ஒரு கிண்ணம் வழிந்து மற்றொன்று வழியாத மர்மம் விளங்கிற்று.

ஐந்தாவது, எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். எடை, தடிப்பு, வரிசை, சூளையில் இருந்த இடம், முடிவு ஆகிய அனைத்தையும் அன்றைக்கன்றே நோட்டுப் புஸ்தகத்தில் பதிய வேண்டும். நம் முன்னோரின் கைத்திறம் எவ்வளவோ அவர்களோடு எரிந்து போயிற்று. தகப்பன் மகனுக்கு மட்டும் சொல்வான்; மகன் பட்டணம் போய்விட்டால் வித்தை அங்கேயே முடிந்தது. பெண்மக்களுக்கோ சொல்வதே இல்லை. இந்த நோட்டுப் புஸ்தகத்தை நம் பெண்களே எழுதி வருகிறார்கள். சங்கத்தார் யார் கேட்டாலும் காட்டுவோம்.

இனி, முக்கியமான மற்றொரு விஷயம். நம்மவரில் ஒரு குடும்பத்தார் 1000 டிகிரிக்குள் சுடும் செம்மண் தட்டுகளில், தெளிந்த பூச்சின்மேல் தாமிரப் பச்சையை இட்டார்கள். மரகதம் போன்ற பச்சை! கலியாணம் ஒன்றுக்கு அத்தட்டுகள் வேண்டும் என்று முன்பணமும் வந்துவிட்டது. தெளிந்த பூச்சுப் பொடியை விற்ற வியாபாரி, அதில் ஈயம் இல்லை என்று சொல்லியிருந்தார். அவர் பெயர் நமக்கு இங்கே வேண்டுவதில்லை. எதற்கும் பார்ப்போம் என்று எலுமிச்சம்பழத் துண்டு ஒன்றைத் தட்டின்மேல் ஓர் இரவு வைத்தோம். காலையில் அவ்விடம் வெளுத்திருந்தது. பரிசோதனைச் சாலைக்கு அனுப்பினோம். அங்கே நூற்றுக்கு நான்கு பங்கு அமிலமுள்ள காடித் திராவகத்தைக் கலத்தில் 24 மணி நேரம் நிறுத்தி, கரைந்து வந்ததை அளப்பார்கள். ஈயம் கரைந்து வந்திருந்தது.

தனியே ஓரளவு அடங்கியிருக்கும் ஈயப் பூச்சு, தாமிரத்தோடு சேர்ந்தால் ஈயத்தை மிகுதியாய் வெளிவிடும். புளிக்குழம்பும் மோரும் ஊறுகாயும் அதைக் கரைக்கும். சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும். கெடுத்ததை மீட்க முடியாது. அன்று எங்கள் கூட்டத்தில் ஒருவர், "விற்றுவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?" என்றார். அவரும் கெட்டவரல்லர், கடன் கொடுத்தவன் வாசலில் நின்றான். மற்றொருவர், "அந்தப் பந்தியில் நம் பேரனும் உட்கார்ந்திருப்பானே!" என்றார். அதற்குமேல் பேச்சில்லை. முன்பணத்தை ஐந்து குடும்பத்தாரும் பங்கிட்டுத் திருப்பிக் கொடுத்தோம். தட்டு ஒன்றும் வீட்டை விட்டு வெளியே போகவில்லை.

ஆகையால் நம் சங்கத்தாரைக் கைகூப்பி வேண்டிக்கொள்கிறோம். உண்கலத்தின் உட்புறத்தில், தெரிந்த பொருள்களால் தாமே செய்து பரீக்ஷித்த ஒரே பூச்சை இடுங்கள். சேர்க்கையின் அழகெல்லாம் வெளிப்புறத்தில் இருக்கட்டும். எலுமிச்சைப் பரீக்ஷையில் வர்ணம் மாறினால் அக்கலம் ஆகாது; மாறாவிட்டாலும் அது ஒன்றே போதிய சாக்ஷியன்று, பரிசோதனைச் சாலைக்கும் அனுப்ப வேண்டும். அச்செலவு தனிக்குடும்பத்துக்குப் பாரம். ஆதலின் சங்க நிதியிலிருந்து வருஷத்துக்குச் சில மாதிரிகளுக்காவது அதை ஏற்கும்படி நிர்வாக சபையாரைக் கேட்டுக்கொள்கிறோம்.

அந்த இளைஞர் ஆலைக்குப் போனாரா என்று கேட்பீர்கள். போகவில்லை. பாட்டியார் சொல்லை அனுசரித்து முதல் நிற்கும் ஓடுகளை வனைந்தவர் அவரே. தேநீர்க் கடைக்காரருக்கு ஏழு மாதம் கழித்துக் கிண்ணங்களைக் கொடுத்தோம். அவற்றில் சில இன்று இம்மண்டபத்தின் பின்புறத்து மேஜையில் இருக்கின்றன. உடைந்தவையும் தட்டோடு ஒட்டியவையும் அவற்றின் பக்கத்திலேயே வைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டையும் எடுத்துப் பாருங்கள். முக்கியமாகக் குழந்தைகளைப் பார்க்க விடுங்கள்.