நிறைமாதம் காத்தல்



நால்வகைத் தானங்களுள் மருந்துத் தானமும் ஒன்று. நோய் வருமுன் காக்கும் அறிவை வழங்குதலும் அதனுள் அடங்கும்.

37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறக்கும் சேயைக் குறைமாதக் குழந்தை என்பர். 2020ஆம் ஆண்டில் இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 30 இலட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன. வேறெந்த நாட்டிலும் இத்துணை இல்லை. காரணங்கள் பல. அவற்றுள் தாயின் நோய்த்தொற்று பெரும்பாலும் அரவமின்றி வருவது.

சிறுநீரில் கிருமி பெருகியிருந்தும் எரிச்சலோ காய்ச்சலோ காணாத கருவுற்ற மகளிர் உண்டு. அக்காலத்தில் சிறுநீர்க்குழாய்கள் தளர்ந்து நீர் தேங்குவதால், கிருமி சிறுநீரகம் வரை எளிதில் ஏறும். பிறப்புறுப்பின் வழியே கருப்பைக்கு ஏறும் கிருமியோ பனிக்குட உறையை அழற்சியுறச் செய்யும். அப்போது சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் கருப்பையைச் சுருங்கத் தூண்டும். உறையும் நைந்து நீர் உடையும்.

வலி கண்டபின் மருந்து கொடுத்தால் ஆகாதா என்று கேட்கலாம். பனிக்குடம் உடையாமலே முன்கூட்டி வலி கண்ட 6,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நுண்ணுயிர்க்கொல்லியைச் சோதித்த பெரும் ஆய்வு 2001இல் வெளிவந்தது. குழந்தைகளுக்கு அதனால் நலம் விளையவில்லை. ஆகவே தொடக்க மாதங்களிலேயே சிறுநீர்க் கிருமி வளர்ப்புச் சோதனையும், சிஃபிலிஸ் நோய்க்கான குருதிச் சோதனையும் செய்துகொள்ளல் வேண்டும். கிருமி கண்டால் மருத்துவர் குறித்த நாள்வரை மருந்தை நிறுத்தலாகாது.

பேரிகை, பாகலூர்ப் பக்கத்திலிருந்து ஓசூர் ஆலைகளுக்குச் செல்லும் பெண்கள், வழியில் கழிவறை கிடைக்காதென்று தண்ணீரைக் குறைத்துச் சிறுநீரை அடக்குவதுண்டு. கருவுற்றவர்க்கு அது தீங்கு. நீரும் அருந்தா நோன்பும் அத்தகையதே. தசலட்சண நாள்களில் கருவுற்ற மருமகள் நோன்பிருக்கத் துணிந்தால், "அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் அம்மா" என்று மாமியாரே முன்வந்து சொல்லுதல் நன்று. அச்சொல் மருத்துவர் வாயிலிருந்து வருவதைவிட எளிதில் ஏற்கப்படும்.

இப்பகுதிக்கே உரிய இடரொன்றும் உண்டு. ஏழாம் மாதம் மாலூர்ப் பக்கத்துத் தாய்வீட்டுக்குச் செல்லும் பெண், சோதனைச் சீட்டுகளைப் புகுந்த வீட்டுப் பெட்டியிலேயே விட்டுச் செல்கிறாள். அங்குள்ள மருத்துவருக்கு அவளுடைய தொற்றின் வரலாறு தெரிய வழியில்லை. சேலைக்கு முன் அச்சீட்டுகளைப் பையில் வைத்தல் வேண்டும்.

காய்ச்சல், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், நீர்க்கசிவு, விட்டுவிட்டு வரும் இடுப்புவலி: இவற்றுள் எது தோன்றினும் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனை சேர்தல் வேண்டும். 34 வாரங்களுக்கு முன் பேறு நெருங்கினால், தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி சேயின் நுரையீரலை முதிரச் செய்யும். அது பயன்தரச் சற்று நேரம் வேண்டும். 108 என்னும் எண் எல்லையின் இருபுறமும் ஒன்றே.